ஃபிளாஷ் நினைவகத்தில் தரவுத்தளம்: ஒரு பைட் எத்தனை முறை எழுதப்படுகிறது?

தரவுத்தளம் மெதுவாக ஓடுகிறது என்று யாராவது சொன்னால், வன்தட்டைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி பொருத்துங்கள் என்ற ஆலோசனைதான் முதலில் கிடைக்கும். பெரும்பாலான வேளைகளில் அந்த ஆலோசனை பலிக்கவும் செய்கிறது. அதனாலேயே, எஸ்.எஸ்.டி என்பது சுழலாத, ஓசை எழுப்பாத, வேகம் கூடிய வன்தட்டு என்ற எண்ணம் மென்பொருள் எழுதுவோரிடமும் ஆழமாகப் பதிந்துவிட்டது. தரவைப் படிப்பதைப் பொறுத்தவரை இந்த எண்ணம் ஓரளவு சரி. எழுதுவதைப் பொறுத்தவரை அது தவறு. எஸ்.எஸ்.டிக்குள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில், ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேலேயே மறுபடியும் எழுத முடியாது. தரவுத்தள வடிவமைப்பில் கடந்த இருபது ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றங்களில் பலவும் இந்த ஒரு தடையிலிருந்து கிளைத்தவை. அந்தத் தடை எங்கிருந்து வருகிறது, அதை யார் மறைக்கிறார்கள், மறைப்பதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

## வன்தட்டு கற்றுக்கொடுத்த பழக்கங்கள்

1956இல் ஐ.பி.எம் நிறுவனம் வன்தட்டை அறிமுகப்படுத்தியதிலிருந்து அதன் அடிப்படை மாறவில்லை. சுழலும் தட்டின் மேல் ஒரு முனை நகர்ந்து, வேண்டிய வட்டப்பாதைக்குப் போய், வேண்டிய இடம் தனக்குக் கீழே வரும்வரை காத்திருக்கிறது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி எடுத்துக்கொள்கிறது. எனவே சராசரியாக அரைச் சுற்றுக்கு 4 மில்லிவிநாடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரத்தையும் சேர்த்தால், அங்கும் இங்குமாகச் சிதறிக் கிடக்கும் தரவை ஒரு விநாடிக்கு ஏறத்தாழ நூறு முறைதான் அணுக முடியும். ஒவ்வொரு முறையும் 8 கிலோபைட் எடுத்தாலும் விநாடிக்கு 800 கிலோபைட்டைத் தாண்டாது. அதே தட்டில் அடுத்தடுத்து இருக்கும் தரவைத் தொடர்ச்சியாகப் படித்தால் விநாடிக்கு நூறு மெகாபைட்டுக்கு மேல் கிடைக்கும்.

இந்த நூறு மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடுதான் பழைய தரவுத்தளங்களின் உடற்கூற்றைத் தீர்மானித்தது. போயிங் நிறுவனத்தில் பணியாற்றிய ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் 1970இல் வகுத்த பி-மரம் இதற்குச் சிறந்த சான்று. பி-மரம் என்பது, வரிசைப்படுத்திய தரவைப் பெரிய பெரிய பக்கங்களாகப் பிரித்து, ஒரு பக்கத்திலிருந்து நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு வழிகாட்டும் இண்டெக்ஸ் அமைப்பு. ஒவ்வொரு பக்கத்தையும் தேடிச் செல்வது விலை உயர்ந்த செயல் என்பதால், மூன்று நான்கு தாவல்களிலேயே கோடிக்கணக்கான பதிவுகளில் ஒன்றை அடையும்படி அது வடிவமைக்கப்பட்டது. ஒரு பதிவை மாற்ற வேண்டுமானால், அது இருக்கும் பக்கத்தை நினைவகத்துக்குக் கொண்டுவந்து, திருத்தி, பழைய இடத்திலேயே திரும்ப எழுதுவார்கள். இதை இடத்திலேயே திருத்துதல் என்று சொல்லலாம். வன்தட்டில் இது முற்றிலும் இயல்பானது. காந்தப் புள்ளியின் மேல் புதிய காந்தப் புள்ளியை எழுதத் தடையே இல்லை.

இதோடு இன்னும் பல பழக்கங்கள் வந்துசேர்ந்தன. ஒரு பக்கத்தை எழுதப் போகும்போது வட்டில் அதன் அருகே இருக்கும் மாறிய பக்கங்களையும் சேர்த்து எழுதிவிடுவது, சிதறிய தேடலைவிட முழு அட்டவணையையும் தொடர்ச்சியாகப் படித்துவிடுவதே மேல் என்று கணக்கிடுவது ஆகியவை அவற்றுள் சில. இவை எல்லாம் சுழலும் தட்டுக்கு மிகவும் பொருத்தமானவை.

## ஃபிளாஷ் நினைவகத்துக்குள்

ஃபிளாஷ் நினைவகத்தை 1980களில் தோஷிபா நிறுவனத்தில் ஃபூஜியோ மசுவோகா உருவாக்கினார். இன்றைய எஸ்.எஸ்.டிகளில் இருக்கும் நாண்ட் வகை ஃபிளாஷ் 1987இல் அறிவிக்கப்பட்டது. அதன் மிகச் சிறிய அலகு ஒரு கலம். மின்னூட்டத்தைச் சிறைப்படுத்தி வைக்கும், மின்சாரம் நின்ற பிறகும் அதைத் தக்கவைக்கும் டிரான்சிஸ்டர்தான் அந்தக் கலம். சிறைப்பட்ட மின்னூட்டத்தின் அளவைக் கொண்டு அதில் இருப்பது 0வா 1ஆ என்று அறிகிறோம்.

கலத்துக்குள் மின்னூட்டத்தைச் செலுத்துவதும், அதை வெளியேற்றுவதும் ஒரே மாதிரியான செயல்கள் அல்ல. செலுத்துவதைச் சிறிய பகுதி பகுதியாகச் செய்யலாம். அந்தப் பகுதிக்குப் பக்கம் என்று பெயர். இன்றைய சில்லுகளில் ஒரு பக்கம் பெரும்பாலும் 16 கிலோபைட் அளவில் இருக்கிறது. வெளியேற்றுவதற்கு உயர் மின்னழுத்தம் தேவை. அதை நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த பெரிய பரப்பு முழுவதற்கும் ஒரே நேரத்தில்தான் செலுத்த முடியும். அந்தப் பரப்புக்குத் தொகுதி என்று பெயர். அதன் அளவு பல மெகாபைட். ஆக, பக்கம் பக்கமாக எழுதலாம், ஆனால் தொகுதி தொகுதியாகத்தான் அழிக்கலாம். அழிக்காமல் மறுபடியும் எழுத முடியாது.

நேரத்திலும் இதே ஏற்றத்தாழ்வு உண்டு. ஒரு பக்கத்தைப் படிக்கப் பல பத்து மைக்ரோவிநாடிகள், எழுதப் பல நூறு மைக்ரோவிநாடிகள், ஒரு தொகுதியை அழிக்கப் பல மில்லிவிநாடிகள் ஆகும். மேலும் ஒவ்வொரு அழிப்பும் கலத்தின் காப்புப் படலத்தைச் சிறிது சிறிதாகச் சிதைக்கிறது. ஒரு கலத்தில் ஒரு பிட் மட்டும் வைக்கும் சில்லுகள் ஏறத்தாழ ஒரு லட்சம் அழிப்புகளைத் தாங்கும். மூன்று பிட் வைப்பவை சில ஆயிரங்களையும், நான்கு பிட் வைப்பவை ஆயிரம் என்ற அளவிலுமே தாங்கும். நான்கு பிட்டுகளுக்கு ஒரே கலத்தில் 16 மின்னூட்ட நிலைகளைத் தவறில்லாமல் பிரித்தறிய வேண்டும் என்பதால், சிறு சிதைவும் அங்கே பெரிய பாதிப்பாகிறது. விலை குறையக் குறைய ஆயுளும் குறையும் என்ற இந்த உறவை நினைவில் வைத்துக்கொள்வது பின்னால் உதவும்.

## கரும்பலகைகள் நிறைந்த ஒரு கடை

ஒரு மொத்த வியாபாரக் கடையில், சரக்குகளின் விலைகளைப் பல கரும்பலகைகளில் எழுதிவைக்கிறார்கள் என்று கொள்வோம். ஒவ்வொரு பலகையிலும் 100 வரிகள் உண்டு. வெற்று வரியில் எழுதலாம். ஆனால் தனி ஒரு வரியை மட்டும் அழிக்க வழியில்லை. அழிக்க வேண்டுமானால் பலகை முழுவதையும் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். ஒவ்வொரு கழுவலிலும் பலகையின் கறுப்புப் பூச்சு கொஞ்சம் போய்விடுகிறது.

தக்காளி விலை மாறினால் என்ன செய்வது? எங்காவது காலியாக இருக்கும் வரியில் புதிய விலையை எழுதிவிட்டு, கல்லாவில் இருக்கும் ஒரு குறிப்பேட்டில் 'தக்காளி: 3ஆம் பலகை, 41ஆம் வரி' என்று குறித்துக்கொள்வார்கள். பழைய விலை பழைய பலகையில் அப்படியே கிடக்கும். குறிப்பேட்டைப் பார்த்து வருகிறவர்கள் அதன் பக்கம் போகவே மாட்டார்கள்.

நாளடைவில் வெற்று வரிகள் தீர்ந்துபோகும். அப்போது செல்லாத வரிகள் நிறைந்த ஒரு பலகையைத் தேர்ந்தெடுத்து, அதில் இன்னும் செல்லுபடியாகும் வரிகளை, இதற்கென்றே காலியாக ஒதுக்கி வைத்திருக்கும் வேறொரு பலகையில் படியெடுத்து, குறிப்பேட்டைத் திருத்தி, பழைய பலகையைக் கழுவ வேண்டும். அந்தப் பலகையில் 80 வரிகள் செல்லுபடியானவை என்றால், 80 வரிகளைப் படியெடுத்த பிறகு கிடைக்கும் லாபம் வெறும் 20 வெற்று வரிகள்தான். அதாவது 20 புதிய விலைகளை எழுத, மொத்தம் 100 வரிகள் எழுதப்படுகின்றன. 10 வரிகள் மட்டுமே செல்லுபடியானவை என்றால் நிலைமை தலைகீழ். 90 புதிய விலைகளுக்கு மொத்தம் 100 வரிகள் எழுதினாலே போதும்.

இந்தக் கடையில் ஒரு புத்திசாலி இருந்தால், தினமும் மாறும் தக்காளி, வெங்காய விலைகளை ஒரே பலகையிலும், மாதக்கணக்கில் மாறாத மிளகு, ஏலக்காய் விலைகளை வேறொரு பலகையிலும் எழுதுவார். முதல் பலகை முழுவதும் சில நாட்களில் செல்லாததாகிவிடும், படியெடுக்காமலேயே கழுவலாம். இரண்டாவது பலகையைத் தொடவே வேண்டாம். இரண்டையும் கலந்து எழுதினால், மிளகு விலை ஒவ்வொரு கழுவலிலும் பலகை மாறிக்கொண்டே இருக்கும்.

வரி என்பது பக்கம், பலகை என்பது தொகுதி, கழுவுவது என்பது அழிப்பு. எஸ்.எஸ்.டிக்குள் நடப்பது ஏறத்தாழ இதுவே.

## நடுவில் நிற்கும் அடுக்கு

எஸ்.எஸ்.டியை வாங்கிக் கணினியில் பொருத்தும்போது, பலகை, கழுவல் எதுவும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கணினிக்கு அது, எந்த இடத்திலும் எத்தனை முறையும் எழுதக்கூடிய சாதாரண வட்டாகவே காட்சியளிக்கிறது. வட்டுக்குள் இருக்கும் சிறு செயலியும் அதன் மென்பொருளும் இந்தத் தோற்றத்தை உருவாக்குகின்றன. அந்த மென்பொருளை முகவரிப் பெயர்ப்பு அடுக்கு என்போம். தரவுத்தளம் 'இந்த முகவரியில் எழுது' என்று சொன்னால், அது வேறொரு வெற்றுப் பக்கத்தில் எழுதிவிட்டு, தன் குறிப்பேட்டில் புதிய இடத்தைப் பதிந்துகொள்கிறது. எனவே கோப்பில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பக்கங்கள் சில்லில் அருகருகே இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

செல்லுபடியான பக்கங்களைப் படியெடுத்துத் தொகுதியை அழிக்கும் வேலைக்குக் குப்பை நீக்கம் என்று பெயர். சில தொகுதிகள் மட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடாமல் அழிப்புகளை எல்லாத் தொகுதிகளுக்கும் பரவலாக்குவது தேய்மானப் பகிர்வு. இந்த வேலைகளுக்காக ஒவ்வொரு வட்டும் கொஞ்சம் இடத்தைக் கணக்கில் காட்டாமல் ஒதுக்கி வைத்திருக்கும். இருமக் கணக்கில் சொல்லும் ஜிகாபைட்டுக்கும், தசமக் கணக்கில் சொல்லும் ஜிகாபைட்டுக்கும் இடையிலான 7 விழுக்காட்டு வேறுபாடே பல வீட்டு உபயோக வட்டுகளில் இந்த ஒதுக்கீடாக அமைகிறது. தரவு மையங்களுக்கான வட்டுகளில் ஒதுக்கீடு இதைவிடக் கூடுதல். வட்டு நிரம்ப நிரம்ப, தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு தொகுதியிலும் செல்லுபடியான பக்கங்கள் அதிகமாக இருக்கும் என்பதால், படியெடுக்கும் வேலையும் கூடுகிறது. புதிதாக வாங்கிய வெற்று வட்டில் எடுத்த வேக அளவீட்டை நம்பித் திட்டமிடுவது சரியல்ல என்பதற்கு இதுவே காரணம்.

இங்கேதான் இந்தக் கட்டுரையின் மையமான அளவை வருகிறது. கேட்டு எழுதச் சொன்ன தரவுக்கும், உண்மையில் எழுதப்பட்ட தரவுக்கும் இடையிலான விகிதமே எழுத்துப் பெருக்கம். 20 பக்கங்கள் எழுதச் சொல்லி 100 பக்கங்கள் எழுதப்பட்டால் எழுத்துப் பெருக்கம் 5.

சுருக்கமாக, ஃபிளாஷ் இடத்திலேயே திருத்தாது. பெயர்ப்பு அடுக்கு திருத்துவதுபோல் காட்டும். அப்படிக் காட்டுவதற்கான விலை குப்பை நீக்கம். அந்த விலையின் அளவு எழுத்துப் பெருக்கம்.

## பெருக்கத்தின் மேல் பெருக்கம்

வட்டுக்குள் நடக்கும் பெருக்கம் பாதிக் கதைதான். மீதிப் பாதி தரவுத்தளத்துக்குள்ளேயே இருக்கிறது. பலரும் கவனிக்காத பகுதி இது.

மைஸ்க்யூஎல் தரவுத்தளத்தில், தரவை வட்டில் எழுதிப் படிக்கும் பகுதியான இன்னோடிபி சேமிப்பு எந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பி-மரப் பக்கத்தின் வழக்கமான அளவு 16 கிலோபைட். ஒரு வாடிக்கையாளரின் பதிவில் 100 பைட் மாறியது என்றால், என்றாவது ஒருநாள் அந்தப் பக்கம் முழுவதும் வட்டில் எழுதப்பட வேண்டும். அதற்கிடையில் அதே பக்கத்தில் வேறு மாற்றங்கள் சேர்ந்திருந்தால் நல்லது. சேரவில்லை என்றால் 100 பைட்டுக்காக 16,384 பைட் எழுதுகிறோம். 160 மடங்குக்கு மேல்.

அதோடு முடியவில்லை. பக்கத்தைப் பாதி எழுதும்போது மின்சாரம் போய்விட்டால், பழையதும் புதியதும் கலந்த கிழிந்த பக்கம் ஒன்று மிஞ்சும். அந்த ஆபத்தைத் தவிர்க்க இன்னோடிபி ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் தனியிடத்தில் எழுதி, பிறகு உரிய இடத்தில் இரண்டாம் முறை எழுதுகிறது. போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் வேறு வழியைக் கையாள்கிறது. மாறிய பக்கங்களை எல்லாம் வட்டில் எழுதி முடிக்கும் ஒவ்வொரு மீட்புப் புள்ளிக்குப் பிறகும் ஒரு பக்கம் முதல்முறை மாறும்போது, அந்த 8 கிலோபைட் பக்கம் முழுவதையும் மாற்றப் பதிவேட்டில் எழுதிவைக்கிறது. மாற்றப் பதிவேடு என்பது, மாற்றங்களை உரிய இடத்தில் சேர்க்கும் முன் அவற்றை வரிசையாகக் குறித்துவைக்கும் கோப்பு. எந்தத் தரவுத்தளமானாலும், செய்த மாற்றம் தொலைந்துபோகாமல் இருக்க இந்தப் பதிவேடு இன்றியமையாதது.

இந்தப் பெருக்கங்கள் கூட்டப்படுவதில்லை, ஒன்றையொன்று பெருக்குகின்றன. தரவுத்தளத்தில் 20, வட்டுக்குள் 3 என்றால் மொத்தம் 60. இதில் எனக்கு வருத்தம் தரும் முரண் ஒன்று உண்டு. கிழிந்த பக்கத்திலிருந்து காப்பதற்காகத் தரவுத்தளம் இரண்டு முறை எழுதுகிறது. ஆனால் அதற்குக் கீழே இருக்கும் வட்டோ, பழைய பக்கத்தைத் தொடாமல் புதிய இடத்தில் எழுதுவதால், பழைய பிரதியை ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறது. இரண்டு அடுக்குகளும் ஒன்றையொன்று அறியாததால், ஒரே பாதுகாப்புக்கு இரண்டு முறை விலை கொடுக்கிறோம்.

## படிப்பதில் மாறிய கணக்கு

எழுதுவதைப் பற்றி இவ்வளவு சொன்னதால், ஃபிளாஷின் நன்மையைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. சிதறிய இடங்களிலிருந்து படிப்பதில் அது வன்தட்டைப் பழங்கதையாக்கிவிட்டது. ஆனால் அந்த நன்மையும் தானாகக் கிடைத்துவிடாது.

ஒரு வாசிப்புக்கு 100 மைக்ரோவிநாடி ஆகும் வட்டில், ஒன்று முடிந்த பிறகே அடுத்ததைக் கேட்டால் விநாடிக்கு 10,000 வாசிப்புகள்தான் கிடைக்கும். வட்டின் விளம்பரத்தில் சொல்லப்படும் லட்சக்கணக்கான வாசிப்புகள் கிடைக்க வேண்டுமானால், பல கோரிக்கைகளை ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். உள்ளே பல சில்லுகள் இணையாக வேலை செய்வதே வேகத்தின் மூலம். பழைய சாட்டா இணைப்பில் 32 கோரிக்கைகள் கொண்ட ஒரே வரிசை இருந்தது. கணினியும் எஸ்.எஸ்.டியும் பேசிக்கொள்வதற்காக 2011இல் வந்த என்விஎம்இ தரநிலை ஏறத்தாழ 64,000 வரிசைகளையும், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 64,000 கோரிக்கைகளையும் அனுமதிக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்து படிக்கும் தரவுத்தளம் இந்த வட்டை வெறுமனே வைத்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை, அதாவது வினவலை, எந்த வழியில் நிறைவேற்றுவது என்று முடிவெடுக்கும் பகுதியும் மாற வேண்டும். போஸ்ட்கிரஸில் சிதறிய வாசிப்பின் செலவு, தொடர் வாசிப்பைப்போல 4 மடங்கு என்று இயல்பாக அமைக்கப்பட்டிருக்கிறது. எஸ்.எஸ்.டியில் இதை 1.1 போன்ற மதிப்புக்குக் குறைப்பது வழக்கம். குறைக்காவிட்டால், இண்டெக்ஸைப் பயன்படுத்த வேண்டிய இடத்திலும் அது முழு அட்டவணையையும் படித்துக்கொண்டிருக்கக்கூடும். இன்னோடிபியில் அக்கம்பக்கத்துப் பக்கங்களையும் சேர்த்து எழுதும் பழைய பழக்கம் மைஸ்க்யூஎல் 8.0 பதிப்பில் இயல்பு நிலையிலிருந்து அகற்றப்பட்டது. முனை நகரவே தேவையில்லாத இடத்தில், அண்டைப் பக்கங்களை எழுதுவது வீண் தேய்மானம் மட்டுமே.

இன்னொரு நுட்பம், படிப்பும் எழுத்தும் ஒன்றையொன்று பாதிப்பது. அழிப்பு நடந்துகொண்டிருக்கும் சில்லில் இருக்கும் ஒரு பக்கத்தைக் கேட்டால், அந்த வாசிப்பு மில்லிவிநாடிக் கணக்கில் காத்திருக்க நேரலாம். சராசரி வேகம் அருமையாக இருந்தும், நூற்றில் ஒரு வினவல் மட்டும் காரணமில்லாமல் தாமதமாவதுபோல் தோன்றுவதற்குப் பின்னால் பல நேரங்களில் குப்பை நீக்கம் இருக்கிறது. எனவே எழுத்தைக் குறைப்பது வட்டின் ஆயுளை மட்டும் காப்பதில்லை. வாசிப்பின் சீரான வேகத்தையும் காக்கிறது.

## திருத்தாமல் சேர்த்துக்கொண்டே போகும் வடிவம்

கடினமான இந்தத் தடையை மறைக்காமல் ஏற்றுக்கொண்டு, தரவுத்தளமே இடத்திலேயே திருத்துவதைக் கைவிட்டால் என்ன? எல்.எஸ்.எம் மரம் என்ற அமைப்பு அதைத்தான் செய்கிறது. பாட்ரிக் ஓநீலும் அவருடன் பணியாற்றியவர்களும் 1996இல் இதை முன்வைத்தனர். அவர்கள் மனத்தில் இருந்தது வன்தட்டு. சிதறிய எழுத்துகளைத் தொடர் எழுத்துகளாக்குவதே நோக்கம். ஃபிளாஷுக்கும் அது பொருந்திவந்தது.

அதன் வேலை இப்படி நடக்கிறது. வரும் மாற்றங்கள் முதலில் மாற்றப் பதிவேட்டிலும், நினைவகத்தில் வரிசைப்படுத்திய ஒரு பட்டியலிலும் சேர்கின்றன. பட்டியல் நிறைந்ததும் அது முழுவதும் ஒரே மூச்சில் ஒரு கோப்பாக வட்டில் எழுதப்படுகிறது. அந்தக் கோப்பு அதன்பின் ஒருபோதும் திருத்தப்படாது. ஒரே பதிவு பலமுறை மாறினால் பல கோப்புகளில் பல பதிப்புகள் இருக்கும். மிகப் புதியதே செல்லும். கோப்புகள் பெருகும்போது, பின்னணியில் சிலவற்றை ஒன்றாக இணைத்து, செல்லாத பதிப்புகளை விலக்கி, புதிய பெரிய கோப்பாக எழுதி, பழைய கோப்புகளை நீக்குவார்கள். இந்த இணைப்பு வேலையே கோப்புச் செறிவாக்கம்.

ஃபிளாஷுக்கு இது ஏன் ஏற்றது என்பதைத் தொகுதிகளின் கோணத்திலிருந்து பார்த்தால் புரியும். ஒரு பெரிய கோப்பு ஒரே நேரத்தில் எழுதப்பட்டு, ஒரே நேரத்தில் நீக்கப்படுகிறது. நீக்கப்பட்ட இடத்தைப் பற்றி இயக்க அமைப்பு டிரிம் என்ற கட்டளை மூலம் வட்டுக்குத் தெரிவித்துவிட்டால், அந்தக் கோப்பு இருந்த தொகுதிகளில் படியெடுக்க வேண்டியவை மிகக் குறைவாகவே இருக்கும். வட்டுக்குள் நடக்கும் பெருக்கம் 1ஐ நெருங்கும்.

ஆனால் எல்.எஸ்.எம் மரத்தில் எழுத்துப் பெருக்கமே இல்லை என்று சொல்வது பரவலான தவறு. செறிவாக்கத்தின்போது ஒரே தரவு மீண்டும் மீண்டும் எழுதப்படுகிறது. கோப்புகளை நிலை நிலையாக அடுக்கி, ஒவ்வொரு நிலையும் முந்தையதைவிட 10 மடங்கு பெரிதாக இருக்கும் வழக்கமான அமைப்பில், தரவு ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு இறங்கும்போது, மோசமான நிலையில் ஏறத்தாழ 10 மடங்கு எழுத்து நேரிடும். நான்கைந்து நிலைகளைக் கடந்தால் மொத்தம் பத்துகளில் போய் நிற்கும். நினைவகத்தில் அடங்காத அளவு பெரிய தரவில், சிறு சிறு மாற்றங்கள் எங்கும் சிதறி நிகழும்போது, பி-மரத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட பெருக்கத்தைவிட இது மிகக் குறைவு. மாற்றங்கள் சில பக்கங்களிலேயே குவியும் தரவில் பி-மரம் வெல்லக்கூடும். எது சிறந்தது என்ற கேள்விக்குத் தரவின் இயல்பு தெரியாமல் விடை சொல்ல முடியாது.

வாசிப்பிலும் ஒரு விலை உண்டு. தேடும் பதிவு எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தெரியாததால் பல கோப்புகளைப் பார்க்க நேரிடும். இதைத் தணிக்க ஒவ்வொரு கோப்புடனும் புளூம் வடிகட்டி ஒன்றை வைப்பார்கள். அது, 'இந்தப் பதிவு இந்தக் கோப்பில் நிச்சயமாக இல்லை' அல்லது 'இருக்கலாம்' என்று சொல்லும் சிறிய பிட் வரிசை. 'இல்லை' என்றால் அந்தக் கோப்பைத் தொடவே வேண்டாம். மீதமிருக்கும் ஓரிரண்டு கூடுதல் வாசிப்புகளை, வாசிப்பு மலிவாக இருக்கும் ஃபிளாஷ் எளிதாகத் தாங்குகிறது. ஏராளமாக இருக்கும் வாசிப்புத் திறனைச் சிறிது செலவழித்து, அரிதான எழுத்துத் திறனைக் காப்பது எனக்கு மிகவும் நேர்மையான பேரமாகத் தெரிகிறது.

நடைமுறைச் சான்றாக ராக்ஸ்டிபியைச் சொல்லலாம். கூகுளின் லெவல்டிபியிலிருந்து கிளைத்து, 2012இல் ஃபேஸ்புக் நிறுவனத்தில் ஃபிளாஷை மனத்தில் கொண்டு வளர்க்கப்பட்ட எல்.எஸ்.எம் எந்திரம் அது. பின்னர் மைஸ்க்யூஎல்லின் அடியில் இன்னோடிபிக்குப் பதிலாக அதைப் பொருத்தி மைராக்ஸ் என்று பெயரிட்டனர். 2017இல் தங்கள் முதன்மையான பயனர் தரவுத்தளத்தை அதற்கு மாற்றியபோது, தேவைப்பட்ட இடம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. சிதறிச் செருகப்படும் பி-மரப் பக்கங்கள் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கே நிறைந்திருக்கும். திருத்தப்படாத கோப்புகளில் அப்படி வெற்றிடம் விட வேண்டியதில்லை, அவற்றை இறுக்கிச் சுருக்கவும் முடியும். ஃபிளாஷில் இடம்தான் பணம் என்பதால் இந்த மிச்சம் பெரிது.

இதே சிக்கலை வேறு கோணங்களிலிருந்து அணுகியவர்களும் உண்டு. 2013இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட பிடபிள்யூ-மரம், பி-மரத்தின் வடிவத்தை வைத்துக்கொண்டே, பக்கத்தைத் திருத்தாமல் மாற்றத் துண்டுகளை மட்டும் சங்கிலியாகச் சேர்த்துக்கொண்டு போகிறது. 2016இல் வெளியான விஸ்கீ என்ற வடிவமைப்பு, பதிவை அடையாளம் காட்டும் சிறிய சாவிகளை மட்டும் எல்.எஸ்.எம் மரத்தில் வைத்து, பெரிய மதிப்புகளைத் தனிப் பதிவேட்டில் எழுதியது. செறிவாக்கத்தின்போது மதிப்புகளைத் திரும்பத் திரும்ப எழுதும் செலவு இதனால் குறைந்தது. மதிப்புகளைத் தேடிப் படிக்கும்போது சிதறிய வாசிப்பு கூடும். அதை ஃபிளாஷின் இணை வாசிப்பால் ஈடுகட்டினார்கள். வன்தட்டுக் காலத்தில் யாரும் துணிந்திருக்க முடியாத முடிவு இது.

சுருக்கமாக, தரவுத்தளம் திருத்துவதை விட்டுவிட்டுச் சேர்க்கத் தொடங்கினால் வட்டுக்குள் குப்பை நீக்கம் எளிதாகிறது. அந்தக் குப்பை நீக்க வேலையின் ஒரு பகுதி செறிவாக்கமாகத் தரவுத்தளத்துக்கு இடம்பெயர்கிறது. தன் தரவைத் தானே அறிந்த தரவுத்தளம் அந்த வேலையைக் கூடுதல் அறிவோடு செய்கிறது.

## நடு அடுக்குடன் பேசத் தொடங்குதல்

கடைசி வாக்கியத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனால் ஒரு கேள்வி எழும். எந்தத் தரவு சீக்கிரம் சாகும், எது நீண்டநாள் வாழும் என்று தரவுத்தளத்துக்குத் தெரியும். வட்டுக்குத் தெரியாது. அப்படியிருக்க, தக்காளியையும் மிளகையும் எந்தப் பலகையில் எழுதுவது என்பதை வட்டே ஏன் முடிவுசெய்ய வேண்டும்?

2020இல் என்விஎம்இ தரநிலையில் சேர்ந்த மண்டலப் பெயர்வெளி இதற்கு ஒரு விடை. அத்தகைய வட்டு தன்னைப் பெரிய மண்டலங்களாகக் காட்டுகிறது. ஒவ்வொரு மண்டலத்திலும் தொடக்கத்திலிருந்து வரிசையாக மட்டுமே எழுதலாம். மண்டலம் முழுவதையும் மட்டுமே காலி செய்யலாம். ஃபிளாஷின் உண்மையான இயல்பை மறைக்காமல் வெளியே காட்டும் ஏற்பாடு இது. எல்.எஸ்.எம் தரவுத்தளம் ஆயுள் ஒத்த கோப்புகளை ஒரே மண்டலத்தில் வைத்தால், வட்டுக்குள் படியெடுக்கும் வேலை ஏறத்தாழ மறைந்துவிடும். இரகசிய ஒதுக்கீட்டையும் குறைக்கலாம். ஆனால் வரிசையாக மட்டுமே எழுத முடியும் என்ற கட்டுப்பாட்டுக்கு ஏற்ப மென்பொருளை மாற்றி எழுதும் உழைப்பு சிறியதல்ல. அதனால் பின்னர் நெகிழ்வான தரவு இட அமைவு என்ற மென்மையான வழியும் தரநிலையில் வந்தது. அதில் எழுதும் கோரிக்கையோடு 'இது இந்தக் குழுவைச் சேர்ந்தது' என்ற அடையாளத்தை மட்டும் இணைத்தால் போதும், மற்றபடி வட்டு பழையபடியே நடந்துகொள்ளும்.

## பத்திரமாக எழுதப்பட்டது என்பதன் பொருள்

பரிவர்த்தனை முடிந்தது என்று தரவுத்தளம் அறிவிக்கும்போது, அந்த மாற்றம் மின்சாரம் போனாலும் அழியாத இடத்தை அடைந்திருக்க வேண்டும். இதற்காக அது எஃப்சிங்க் என்ற அழைப்பின் மூலம், தற்காலிக நினைவகத்தில் இருப்பதை எல்லாம் நிலையான சேமிப்பில் சேர்க்கும்படி கேட்கிறது. தரவு மையத்துக்கான வட்டுகளில் மின்தேக்கிகள் இருக்கும். மின்சாரம் திடீரென நின்றாலும், உள்ளே இருக்கும் தற்காலிக நினைவகத்தைச் சில்லுகளில் எழுதி முடிக்கும் ஆற்றல் அவற்றில் சேமிக்கப்பட்டிருக்கும். எனவே அந்த வட்டு உடனே 'சரி' என்று சொல்லலாம். மின்தேக்கி இல்லாத வீட்டு உபயோக வட்டு, சில்லில் உண்மையாகவே எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வைக்கும். அதற்கு ஒரு மில்லிவிநாடியோ அதற்கு மேலோ ஆகலாம். விளம்பரத்தில் ஒரே வேகம் கொண்ட இரண்டு வட்டுகள் தரவுத்தளத்தின் கீழே பலமடங்கு வேறுபடுவதற்கு இதுவே முதன்மையான காரணம். வட்டை வாங்கும்போது விநாடிக்கு எத்தனை வாசிப்பு என்று பார்ப்பதற்கு முன், மின்னிழப்புப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்ப்பதே முறை.

## உங்கள் தரவுத்தளத்தில் அளந்து பார்க்க

இவ்வளவு விளக்கத்தையும் ஓர் எண்ணாகக் காண வழி இருக்கிறது. பெரும்பாலான எஸ்.எஸ்.டிகள் கணினியிலிருந்து தமக்கு வந்த மொத்த எழுத்தின் அளவைத் தம் நலக்குறிப்பில் பதிந்துவைக்கும். லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் என்ற கருவி அதைக் காட்டும். காலையில் ஒருமுறையும் மறுநாள் காலையில் ஒருமுறையும் பார்த்தால், ஒரு நாளில் வட்டுக்குப் போன எழுத்து தெரிந்துவிடும். அதே நாளில் உங்கள் செயலி உண்மையில் எத்தனை பைட் தரவைச் சேர்த்தது, மாற்றியது என்று கணக்கிட்டு வகுத்தால், தரவுத்தளத்தின் எழுத்துப் பெருக்கம் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டுக்கு, மொத்தம் 600 டெராபைட் எழுதலாம் என்று உத்தரவாதம் தரும் வட்டு ஒன்று இருக்கிறது என்போம். செயலி ஒரு நாளில் மாற்றும் தரவு 20 ஜிகாபைட். தரவுத்தளத்தின் பெருக்கம் 20 என்றால் நாளொன்றுக்கு 400 ஜிகாபைட் வட்டுக்குப் போகிறது. உத்தரவாதம் 1500 நாட்களில், நான்கு ஆண்டுகளைச் சற்றே தாண்டித் தீர்ந்துவிடும். பயன்படாத இண்டெக்ஸ்களை நீக்கி, சிறு மாற்றங்களைத் தொகுத்து எழுதி, மீட்புப் புள்ளிகளின் இடைவெளியைக் கூட்டிப் பெருக்கத்தை 10ஆகக் குறைத்தால், அதே வட்டு எட்டு ஆண்டுகள் தாங்கும். உத்தரவாதக் கணக்கு, கணினியிலிருந்து வட்டுக்கு வரும் எழுத்தைக் கொண்டே போடப்படுகிறது. வட்டுக்குள் நடக்கும் குப்பை நீக்கத்துக்குத் தயாரிப்பாளர் ஒரு தோராயமான அளவை ஏற்கெனவே சேர்த்திருப்பார். உங்கள் தரவு அந்தத் தோராயத்தைவிடச் சிதறியதாக இருந்தால் ஆயுள் குறையும், ஒழுங்கானதாக இருந்தால் கூடும். எனவே முதலில் இந்த வகுத்தலைச் செய்து பாருங்கள். இண்டெக்ஸ்களைக் குறைப்பதா, சேமிப்பு எந்திரத்தையே மாற்றுவதா என்பதை அதன் பிறகு முடிவுசெய்யலாம்.